பழம் வேண்டுமா, கன்று வேண்டுமா?

புனேயிலிருந்து திவே காட் என்ற மலைப்பாதை ஏறி முடிந்தால் புரந்தர் வட்டாரம். சகியாத்ரியின் மழைமறைவுப் பகுதி. மேற்கே அடைமழை கொட்டுகிற ஆடியிலும் இங்கே பெரும்பாலும் தூறல்தான். அத்திக்கன்றுத் தொழிலுக்கு அந்தத் தூறல் போதும்.

2016இல் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தி நம் ஆற்றங்கரை அத்தி அல்ல. அஞ்சீர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சீமை அத்தி. உலர்த்தாமல் பறித்த கையோடு தின்கிற ரகம். இதற்குக் குளவியும் வேண்டாம், மகரந்தமும் வேண்டாம். தானாகவே காய் திரளும். துருக்கியில் அய்தின் பக்கம் ஆண் அத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிட்டுக் குளவியை வரவழைக்கிறார்கள். அந்த வேலை இங்கே இல்லை. அதனாலேயே முளைக்கிற விதையும் இல்லை. கன்று வேண்டுமென்றால் கிளையைத்தான் கேட்க வேண்டும்.

நான் போன தோட்டத்தில் பெண்கள் சிலர் விண்பதியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘குட்டி கலம்’ என்கிறார்கள். மூத்தவரை எல்லோரும் மாவ்ஷி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மராத்தியில் சித்தி, பெரியம்மா முறை. அவர் மராத்தியில் சொன்னதைத் தோட்டக்காரரின் மகன் இந்தியில் எனக்குச் சொன்னார்.

முழங்கை வரை மூடிய பழைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார் மாவ்ஷி. அத்திப்பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். பென்சில் கனமுள்ள கிளையில் கணுவுக்குக் கீழே இரண்டு விரற்கடை அகலத்துக்கு வட்டமாகக் கீறிப் பட்டையை உரித்தார். பால் வழிந்தது, துணியால் ஒற்றினார். பிறகு கத்தியைத் திருப்பி, வழவழப்பான வெள்ளைத் தண்டைச் சுரண்டினார். புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தானாம். அந்த வழவழப்பு மிஞ்சினால் மரம் காயத்தை ஆற்றிப் பட்டையை மறுபடி போர்த்திக்கொள்ளும், வேர் விடாது. சுரண்டிவிட்டால் இலை சமைத்த உணவு கீழே இறங்க வழியில்லாமல் காயத்தின் மேல்விளிம்பில் தேங்கும். வேர் அங்கேதான் கிளம்பும். நனைத்துப் பிழிந்த பாசியை அதைச் சுற்றி அப்பி, பாலித்தீன் தாளால் மூடி, இரு முனையையும் நூலால் இறுக்கினார். இவ்வளவும் நான் குறிப்பெடுத்து முடிப்பதற்குள்.

“எப்போது கட்ட ஆரம்பிப்பீர்கள், மாவ்ஷி?”

“பால்கி போனதும்.”

ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் ஞானேஸ்வரர் பல்லக்கு இந்தக் காட் ஏறித்தான் இங்குள்ள சாஸ்வடுக்கு வருகிறது. ஆனால் அது பஞ்சாங்கப்படி வருவது; அதிக மாதம் வந்தால் தள்ளிப்போகும். வாயால் பால்கியைச் சொன்னாலும் மாவ்ஷி நம்புவது கிளையைத்தான். ஒவ்வொன்றையும் லேசாக வளைத்துப் பார்த்தார். பச்சை மாறாதது துவண்டது, விட்டுவிட்டார். போன வருடம் விளைந்து சாம்பல் தட்டியதை மட்டும் தொட்டார்.

கிளைக்கு இங்கே போட்டி அதிகம். இந்த ஊர்க்காரர்கள் மரத்தைத் தண்ணீர் நிறுத்தி வாடவிட்டு, கவாத்து செய்து, மறுபடி நீர் விட்டுத் தங்களுக்கு வேண்டிய காலத்தில் காய்க்க வைக்கிறார்கள். கோடை முடிவில் கவாத்து செய்தால் மழைக்குப் பின் பழம். அது கட்டா பஹார் என்ற பருவம், கொஞ்சம் புளிப்பு. செப்டம்பர், அக்டோபரில் செய்தால் பனிக்காலத்தில் திரண்டு கோடையில் இனிக்கும், மிட்டா பஹார். முருங்கைப் போத்து போல வெறும் குச்சியை ஊன்றி வளர்க்கத் தோதான காலம் குளிர் விலகும் தை, மாசி. ஆனால் அப்போது மிட்டா பஹார் மரங்களில் கிளைக்குக் கிளை காய். எவர் வெட்டுவார்? கட்டா பஹார் பழத்தை முடித்து ஓய்ந்து நிற்கும் மரத்திலிருந்துதான் போத்து கிடைக்கும். அயலூர்க்காரர்கள் மாதத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். தாய்மரம் எந்த பஹாரில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

கோடை முடிவுக் கவாத்தில் விழும் குச்சிகள் கூடை கூடையாகச் சும்மா கிடைக்கும். அவற்றை ஊன்றுகிறவர்களும் உண்டு. வடிகால் சரியில்லாத மண்ணில் மழை ஈரம் நின்றால் அடிவெட்டு அழுகும். சும்மா கிடைத்த குச்சி என்பதால் இழப்பு கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

நிழல்வலைக்குள் போத்துக் கன்றுகள் பைகளில் தளதளவென்று நின்றன. மெச்சினேன். மாவ்ஷி ஒன்றை மெல்ல இழுத்தார். கையோடு வந்தது, ஒரு வேர்கூட இல்லை. குச்சியில் சேமித்த உணவைக் கொண்டே இலை வந்துவிடும். வேர் பிந்தினால் அந்த இலையே ஈரத்தை இழுத்துக் குச்சியைக் காயவைக்கும். அவசரக்காரர்கள் முதல் தளிரைக் கண்டதும் விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்வார். விண்பதியத்தில் இந்த ஏமாற்று செல்லாது. தாளுக்குள் வேர் வெள்ளையாகத் தெரியும், அது பழுப்பேறிய பிறகே வெட்டுகிறார்கள். மண் படாமல் வேர் விடுவதால் நூற்புழு முடிச்சும் கூடவே வராது. அப்படியும் பிரித்த உடனே பாதி இலைகளைக் கழித்துத்தான் பையில் வைக்கிறார்கள்.

ஆனால் ஒரு மரத்தில் கட்ட முடிகிற பதியங்களுக்கு அளவு உண்டு. கட்டிய கிளையில் காயையும் எதிர்பார்க்க முடியாது. தோட்டக்காரர் கிணற்றோரத்து ஒரு வரிசையைத் தாய்மரங்களாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார். அதில் காய் பிடித்தால் பிஞ்சிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பது உத்தரவு. அந்த வரிசையால் போகும் பழக்காசை அவர் மனைவி என்னிடமே சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்.