விற்பனைக்கு என்று போர்டு மாட்டலாமா?

ஊருக்கு வெளியே காலி மனைகளில் "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்று எழுதிய போர்டைப் பார்த்திருப்பீர்கள். விற்கிறவர் போர்டு வைப்பது சரி, விற்காதவர் எதற்கு வைக்கிறார் என்று முதலில் சிரிப்புதான் வரும். காரணம் இருக்கிறது. சும்மா கிடக்கிற மனையைத் தன்னுடையது என்று சொல்லி எவனாவது விற்றுவிட்டுப் போய்விடுவான்.

இணையத்திலும் காலி மனைகள் உண்டு. ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்துவிட்டு, தளம் எதுவும் கட்டாமல் போட்டு வைப்பதைத்தான் பார்க்கிங் என்கிறார்கள். இங்கே கவலை அப்படியே தலைகீழ். "விற்பனைக்கு" என்று எழுதி வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஒரு கூட்டம் பயப்படுகிறது. எழுதாவிட்டால் எவன் வந்து வாங்குவான் என்று கேட்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், பெயர் எது என்பதைப் பொறுத்து.

அகராதியில் இருக்கிற சாதாரணச் சொல் என்றால் தாராளமாகப் போர்டு மாட்டலாம். ஐ.நா.வின் கீழ் உள்ள வைப்போ என்ற அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இந்தத் தகராறுகளை விசாரிக்கிறது. விற்பதற்காகப் பெயர் வாங்கி வைப்பது மட்டுமே குற்றமாகாது என்பதை அதன் நடுவர்கள் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். சொல்லப்போனால் இப்போது போர்டு இல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். முன்பெல்லாம் ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் தேடினால் சொந்தக்காரரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாம் கிடைக்கும். வாங்க நினைப்பவர் நேராக எழுதிக் கேட்கலாம். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும் இந்த விவரங்களில் பெரும்பகுதி மறைக்கப்பட்டது. வெற்றுப் பக்கத்தைப் பார்க்கிற ஆள் யாரிடம் போய்க் கேட்பார்? இன்னொரு பெயரைத் தேடிக்கொண்டு போய்விடுவார்.

சரி, விலையும் எழுதலாமா? 2019-ல் 'வாய்ஸ் டாட் காம்' என்ற ஒற்றைப் பெயரை மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் 3 கோடி டாலருக்கு விற்றது. இந்தச் செய்தியைப் படித்தவன் எவனும் விலை எழுத மாட்டான்! தன் பெயரும் அப்படிப் போகும், அவசரப்பட்டு எழுதி அதற்கு ஒரு கூரை போட்டுவிடக் கூடாது என்று காத்திருப்பான். நாற்பது பெயர், பெயருக்கு வருடம் ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். பத்து வருடத்தில் நான்கு லட்சம். வாடகையே வராத வீட்டுக்கு வரி கட்டுகிற கதை. விலை இல்லாத போர்டைப் பார்க்கிற சின்ன வியாபாரி, யானை விலை சொல்வார்கள் என்று கேட்காமலே போய்விடுகிறார். விற்ற பிறகு "அடடா, குறைத்துவிட்டோமே" என்று தூக்கம் கெடாத ஒரு விலையை எழுதி வைப்பதே கணக்குக்குச் சரியாக வருகிறது.

விளம்பரம் போட்டுச் சில்லறை பார்ப்பது இன்னொரு வழி. உண்மையில் போர்டைவிட ஆபத்தானது இதுதான். அமெரிக்காவில் உஸி நிஸான் என்பவர் தன் குடும்பப் பெயரில் கம்ப்யூட்டர் வியாபாரம் நடத்தினார். 1994-ல் 'நிஸான் டாட் காம்' வாங்கினார். அசல் பெயர், அசல் தொழில். ஆனால் 1999-ல் அந்தப் பக்கத்தில் கார் விளம்பரங்களும் வந்தன. கார் கம்பெனி வழக்குப் போட்டது. வருடக்கணக்கில் இழுத்த வழக்கில் பெயர் அவரிடமே தங்கியது, கார் விளம்பரத்துக்குத் தடை விழுந்தது. ஆனால் வழக்குச் செலவு அவரை ஒரு வழி பண்ணிவிட்டது.

அடுத்தவர் வணிகப் பெயரை ஒட்டிய டொமைன் என்றால் கதையே வேறு. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் ஒரு தகராறு விதி கொண்டுவந்தது. முத்திரைப் பெயருக்குச் சொந்தக்காரரிடம் செலவுக்கு மேல் லாபம் வைத்து விற்பதற்காகவே பதிவு செய்திருந்தால், அதுவே கெட்ட எண்ணத்துக்குச் சாட்சி என்றது அந்த விதி. அதன் கீழ் வந்த முதல் வழக்கே மல்யுத்தக் கம்பெனி ஒன்றின் பெயரைப் பற்றியது. பதிவு செய்தவர் மூன்றே நாளில் கம்பெனிக்கு எழுதி 1,000 டாலர் கேட்டிருந்தார். 2000 ஜனவரியில் தீர்ப்பு, பெயர் கம்பெனிக்கு! இந்தியாவிலும் 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போர்டே மாட்டாமல் மாட்டிக்கொண்டவரும் உண்டு. கனடாவின் விக்டோரியா நகரில் மைக் ரோ என்று ஒரு பள்ளி மாணவர், வயது 17. 2003-ல் தன் பெயரோடு சாஃப்ட் சேர்த்து 'மைக்ரோசாஃப்ட் டாட் காம்' என்று பதிவு செய்தார். எழுத்து வேறு, வாய்விட்டுப் படித்தால் அதேதான் (குறும்புதான், யார் இல்லை என்றார்கள்?). நிஜ மைக்ரோசாஃப்டின் வக்கீல்கள், பெயரைக் கொடுத்துவிடு, பதிவுச் செலவு 10 டாலரைத் தருகிறோம் என்று எழுதினார்கள். பையனுக்கு ரோஷம். தன் உழைப்புக்குப் பத்து டாலரா என்று பதிலுக்கு 10,000 டாலர் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். இந்தப் பத்தாயிரத்தையே பிடித்துக்கொண்டு, காசு பறிக்கத்தான் பெயர் வாங்கினாய் என்று தடிமனாக ஒரு நோட்டீஸ் வந்தது. விலைப் பேச்சை ஆரம்பித்தவர்கள் அவர்கள், சாட்சியாக மாறியது இவர் சொன்ன எண்.

பத்திரிகைகளில் விஷயம் வெடித்து, ஊரே பையன் பக்கம் நின்றதால் 2004 ஜனவரியில் சமரசம் ஆனது. பெயர் போனது, ஒரு எக்ஸ்பாக்ஸ் வந்தது. அந்த வக்கீல் கடிதங்களையெல்லாம் சேர்த்து மைக் பிறகு ஈபேயில் ஏலம் விட்டார். ஆயிரம் டாலருக்கு மேல் போயிற்று. அதை மட்டும் யாரும் ஏன் விற்றாய் என்று கேட்கவில்லை.