மூக்கில் ஒட்டகம் வரைந்த விமானங்கள்

இரண்டாம் உலகப் போரில் வங்காளத்தின் கரக்பூர் பக்கத்திலிருந்து பறந்த அமெரிக்க பி-29 விமானங்களின் மூக்கில் இரண்டு வகைச் சின்னங்கள் இருக்கும். குண்டு வீசிவிட்டு வந்தால் ஒரு குண்டு வரைவார்கள். இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டி, சீனாவில் சரக்கு இறக்கிவிட்டு வந்தால் ஒரு ஒட்டகம். அந்த மலைகளை அமெரிக்க விமானிகள் ‘திமில்’ என்றுதான் சொல்வார்கள், அதனால் ஒட்டகம். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய குண்டுவீச்சு விமானம் பெட்ரோல் லாரி வேலை பார்த்ததற்கு அந்த ஒட்டகங்கள்தான் சாட்சி.

*

1944 தொடக்கத்தில், ஜப்பானைத் தொடும் தூரத்தில் இப்படியொரு விமானத்தை நிறுத்த நேசநாடுகளுக்குக் கிடைத்த இடம் சீனாவின் செங்டு வட்டாரம். அங்கிருந்தும் கியூஷு தீவு வரைதான் எட்டும், டோக்கியோ எட்டாது. பர்மா சாலை அடைபட்டுக் கிடந்தது. செங்டுவுக்கு ஒரு பீப்பாய் பெட்ரோல் போக வேண்டுமென்றாலும் அது கப்பலில் கல்கத்தா வந்து, அங்கிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் வான்வழியே போக வேண்டும். ஒரு விமானம் ஒரே ஒரு முறை ஜப்பானுக்குப் போய்வர, ஆறேழு தடவை மலையைத் தாண்டிப் பெட்ரோல் சேர்த்தாக வேண்டும். எதிர்க்காற்று பலமாக அடித்தால் இறக்கியதைவிட வழியில் எரித்தது அதிகமாகிவிடும்.

இது வாஷிங்டனுக்குத் தெரியாமல் இல்லை. சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கைப் போரில் தக்கவைக்க அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஏதாவது செய்துகாட்ட வேண்டியிருந்தது. மேட்டர்ஹார்ன் என்று பெயரிட்ட இந்தத் திட்டத்தை ராணுவத் திட்டம் என்பதைவிட, பல்லாயிரம் டன் பெட்ரோலில் எழுதிய அரசியல் கடிதம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

*

இந்தத் திட்டத்துக்காக வந்த பி-29 படைப்பிரிவான 58ஆவது விங்கில் நான்கு குரூப்புகள். 40ஆவது சாக்குலியாவில், 444ஆவது முதலில் சர்ராவிலும் பிறகு துத்குண்டியிலும், 462ஆவது பியர்தோபாவில், 468ஆவது கரக்பூரில். முதல் விமானம் 1944 ஏப்ரல் 2 அன்று சாக்குலியாவில் இறங்கியது. கான்சாஸிலிருந்து மராகேஷ், கெய்ரோ, கராச்சி வழியாகப் பாதி உலகம் சுற்றி வந்த விமானம். பின்னால் வந்தவற்றில் சில கராச்சி அருகே விழுந்து நொறுங்க, மற்றவற்றைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள்.

படைத் தலைமையகம் ஹிஜ்லி தடுப்பு முகாம் கட்டடத்தில். விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த இடம். 1931 செப்டம்பரில் கைதிகள் மீது போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அதே கட்டடத்தில்தான் 1951இல் நாட்டின் முதல் ஐஐடி தொடங்கியது. சுற்றியிருந்த மேதினிப்பூர் மாவட்டம் 1942இல் புயலிலும் 1943இல் பஞ்சத்திலும் செத்துப் பிழைத்த பூமி. விமானப்படை வரலாறுகளில் அந்த ஊர் வெயிலாகவும் தூசியாகவும் மட்டுமே வந்துபோகிறது.

*

வெயிலைச் சும்மா சொல்லவில்லை. ரைட் கம்பெனியின் ஆர்-3350 எஞ்சின், 2,200 குதிரைத்திறன், 18 சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக. முன்வரிசைக்குக் காற்று கிடைக்கும், பின்வரிசை வெந்துபோகும். வால்வு உடைந்தால் தீ. எஞ்சினின் கூட்டில் மக்னீசியக் கலவை, தீ பிடித்துவிட்டால் அணைப்பது நடக்காத காரியம். சோதனை முடியாமலே போருக்கு அனுப்பிய எஞ்சின். கான்சாஸில் மார்ச் மாதக் குளிரில், திறந்த வெளியில் நின்று மெக்கானிக்குகள் திருத்திக்கொடுத்தார்கள்; வங்காளத்து மெக்கானிக்குகளோ பகலில் இறக்கைத் தகட்டைத் தொட முடியாமல் ராத்திரியில் வேலை பார்த்தார்கள்.

*

செங்டு ஓடுதளங்கள்: மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து மக்கள், பெரும்பாலும் கையாலேயே போட்டவை. ஆற்றுக் கல்லைச் சுமந்துவந்து, சுத்தியால் உடைத்து, பரப்பி, சேற்றுக் குழம்பு ஊற்றி, பல டன் எடையுள்ள கல் உருளையை நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுத்து அழுத்தினார்கள். ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் நான்கு தளங்கள். முழுப் பாரத்தோடு பி-29 இறங்கியும் தாங்கின.

*

1944 ஜூன் 5: பாங்காக் ரயில் பட்டறை, ஒத்திகை மாதிரி. ஜூன் 15 இரவு: கியூஷுவின் யவாட்டா எஃகு ஆலை. செங்டுவிலிருந்து கிளம்பியவை 68, குண்டு போட்டவை 47, ஆலை வளாகத்தில் விழுந்தது ஒரே ஒரு குண்டு. ஆனாலும் 1942 டூலிட்டில் தாக்குதலுக்குப் பிறகு ஜப்பானின் முதன்மைத் தீவுகளில் விழுந்த முதல் குண்டுகள் என்பதால் அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. தளபதி கென்னத் வுல்ஃபுக்கு அடுத்த மாதமே மாற்றல். ஆகஸ்ட் கடைசியில் கர்ட்டிஸ் லீமே வந்தார். அவர் சியாங்கின் எதிரியான கம்யூனிஸ்ட் மாவோவின் ஆட்களிடம் ரேடியோவில் பேசி வடசீனத்து வானிலைத் தகவல் வாங்கிக்கொண்டார். மருந்துப் பெட்டிகள் அந்தப் பக்கம் போயின. சியாங் இதை எப்படி விழுங்கினாரோ!

*

திருகோணமலைக் கதையைத் தனியாகவே எழுத வேண்டும். சுமத்ராவில் பாலெம்பாங் பக்கம் பிளாஜு சுத்திகரிப்பு ஆலை. ஜப்பானின் விமான எரிபொருளில் பெரும்பங்கு அங்கிருந்துதான். வங்காளத்திலிருந்து எட்டாது. ஆகவே திருகோணமலையின் சீனன்குடா ஓடுதளத்தை 7,200 அடிக்கு நீட்டினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போட்ட அதே சீனன்குடா, எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில்.

1944 ஆகஸ்ட் 10 பிற்பகல் 54 விமானங்கள் கிளம்பின. போக வர 6,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 18 மணி நேரம், பெரும்பகுதி கடல். வழியில் விழுந்தால் தூக்கிக்கொள்ள பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் காத்திருந்தன. 39 விமானங்கள் பாலெம்பாங்கை எட்டின. மேகத்தினூடே ராடாரை நம்பிப் போட்ட குண்டுகளால் ஆலையில் உறுதியாக அழிந்ததாகத் தெரிந்தது ஒரு சின்னக் கட்டடம். மாறாக, எட்டு விமானங்கள் மூசி ஆற்றில் தாழப் பறந்து போட்ட கண்ணிவெடிகள் எண்ணெய்க் கப்பல்களை ஒரு மாதம் முடக்கின. சின்ன வேலை என்று நினைத்ததுதான் பலித்தது. ஒரு விமானம் திரும்பும்போது எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது. ஆட்களில் பெரும்பாலோர் மீட்கப்பட்டார்கள்.

அதே இரவில் செங்டுவிலிருந்து இன்னொரு கூட்டம் ஜப்பானுக்குப் போனது. இலக்கு நாகசாகி.

*

சீனத்துக்குப் போகாமல் வங்காளத்திலிருந்தே செய்த தாக்குதல்கள்தான் உருப்படியானவை என்பது என் எண்ணம். 1944 நவம்பர் 5 சிங்கப்பூர்: ஆறாம் ஜார்ஜ் உலர்துறை மாதக்கணக்கில் முடங்கியது. 1945 பிப்ரவரி 19, மார்ச் 10: கோலாலம்பூரின் மத்திய ரயில் பட்டறை. அது செந்தூலில் இருந்தது. பட்டறையிலும் சுற்றுக் குடியிருப்புகளிலும் தமிழர்கள் நிறைய. தாக்குதல் அறிக்கைகளில் அந்த இடத்துக்குப் பெயர் ‘இலக்கு’.

*

பழுதாகி விளாடிவோஸ்டாக்கில் இறங்கிய மூன்று விமானங்களை ஸ்டாலின் திருப்பித் தரவில்லை. ஒன்றைக் கழற்றி, அச்சு அசலாக டியூ-4 செய்தார்கள். மேட்டர்ஹார்னால் நிகர லாபம் கண்டது சோவியத் யூனியன் என்றால் மிகையில்லை.

*

1945 ஜனவரியில் செங்டு கைவிடப்பட்டது. பிப்ரவரியிலிருந்து விங் மொத்தமாகப் பசிபிக்கின் டினியன் தீவுக்கு இடம்பெயர்ந்தது. விமானங்கள் வானில், ஆட்களில் பெரும்பகுதி கப்பலில். மார்ச் கடைசியில் சிங்கப்பூர் அருகே புக்கோம் தீவின் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியதோடு இந்தியக் கணக்கு முடிந்தது: மொத்தம் 49 தாக்குதல்கள். டினியனில் பெட்ரோல் கப்பலிலேயே வந்து இறங்கியது. ஒட்டகம் வரைய வேலையில்லை.

ஆகஸ்ட் 8 அன்று 58ஆவது விங் இன்னும் இரண்டு விங்குகளோடு மறுபடி யவாட்டாவுக்குப் போனது. இம்முறை தீக்குண்டுகள், ஊரின் ஒரு பகுதி எரிந்தது. மறுநாள் அணுகுண்டோடு வந்த விமானத்துக்குப் பக்கத்து ஊரான கோகுரா கண்ணுக்குத் தெரியவில்லை, நாகசாகிக்குத் திரும்பியது. கோகுராவை மறைத்தது மேகமா, யவாட்டாவின் புகையா என்ற வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.