கசிவைத் தேடுவதற்கும் கூலி உண்டு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் நெடுஞ்சாலை 50 கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. பழைய கார்களின் கூலன்ட் கசிவைக் காட்டிக்கொடுப்பது இந்த ஏற்றம்தான். ஓசூரின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால்தான் என்ஜினில் அது 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சுற்றி வருகிறது. ஹோஸில் ஒரு சிறு வெடிப்பு விழுந்தாலும் அந்த அழுத்தம் நிற்காது. சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி சூளகிரி ஏற்றத்தில் ஹீட் ஆகிறது.

இந்தச் சாலையோரப் பட்டறைகளின் வேலையைக் கவனிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகிறது: மெக்கானிக்கின் நேரத்தில் பெரும்பகுதி கசிவைத் தேடுவதிலேயே போகிறது, அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. சொட்டு விழும் இடத்தில் கசிவு பெரும்பாலும் இருப்பதில்லை. ஓடும்போது ஃபேன் காற்று திரவத்தைப் பின்னால் அடித்துவிடுகிறது. சூடான இரும்பில் பட்டது ஆவியாகி வெள்ளைத் தடமாகவோ பச்சைப் படிவாகவோ மட்டும் எஞ்சும். ஆகவே என்ஜின் ஆறிய பிறகு, மூடி இருந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். பம்பின் அளவுமானி முள் இறங்கினால் ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை என ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். வெளியே ஈரமே இல்லாவிட்டால் ஹீட்டர் கசிந்து முன்இருக்கைக் கால்மிதி நனைந்திருக்கிறதா, ஆயில் பால் கலந்த தேநீர்போல் மாறியிருக்கிறதா, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசி இரண்டும் ஹெட் கேஸ்கட் போனதற்கான அடையாளங்கள்.

கடைசியில் மாற்றியது ஒரு கிளிப் என்றால், கிளிப்புக்கு மேல் ஏன் தர வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்கிறார். இதே ஓசூரில் 1980 முதல் அசோக் லேலண்ட் லாரி செய்கிறது, டிவிஎஸ் 50 பிறந்ததும் அந்த ஆண்டு இங்கேதான். வாகனத் தொழிற்சாலைகளில் கசிவுச் சோதனை தனி வேலை, அதைச் செய்பவருக்குச் சம்பளம் உண்டு. மதிலுக்கு வெளியே அதே சோதனை இலவசம் என்பது எந்த நியாயம்? தேடுவதற்குக் காசு வாங்கிக்கொண்டு மெக்கானிக் இழுத்தடிப்பார் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் இப்போதுள்ள முறைதான் அதைவிட ஏமாற்றுக்கு இடம் தருகிறது. பொருளில் மட்டுமே லாபம் என்றால் நல்ல ரேடியேட்டரையும் மாற்றச் சொல்லவே தோன்றும். கசிவைத் தேடாமலே லீக் அடைக்கும் பவுடர் மலிவுதான், ஆனால் அது ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கக்கூடும். இங்கே தண்ணீர் உறைவதில்லை, கசிந்த கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் போதும் என்பவர்களும் உண்டு. கடினநீரின் உப்பு உள்ளே படியும், துரு பம்பைத் தின்னும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது.

சோதனைக்கு ஒரு நிலையான தொகையை முன்கூட்டியே சொல்லி, பழுதுபார்த்த பின் அதே அழுத்தத்தை மறுபடி ஏற்றி, முள் இறங்காமல் நிற்பதை வண்டிக்காரருக்குக் காட்டலாம். பில்லில் கிளிப்பின் விலைக்கு மேலே அந்தத் தொகை தனி வரியாக வர வேண்டும்.