போனஸ் இல்லை!

பி.காம். படித்தவனுக்கென்று ஒரு வியாதி உண்டு. 'காட்ஃபாதர்' படம் பார்த்தபோது தியேட்டரே துப்பாக்கிச் சத்தத்தில் மிரண்டு கிடந்தது. எனக்கு மட்டும் ஒரே சந்தேகம். 'இத்தனை அடியாட்களுக்கும் யார் சம்பளம் போடறா? பண்டிகைக்கு போனஸ் உண்டா?'

ஸ்டெஃபனோ மகடீனோவின் கதையைப் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

அமெரிக்க மாஃபியா என்றால் நமக்கு நியூயார்க், சிகாகோதான் ஞாபகம் வரும். ஆனால் பல ஊர்களில் தனித்தனிக் 'குடும்பங்கள்' இருந்தன. கனடா எல்லையை ஒட்டிய பஃபலோவிலும் ஒன்று. அதன் தலைவர் ஜோசப் டிகார்லோ 1922-ல் இறந்துபோக, நாற்காலி மகடீனோவுக்கு வந்தது. சிசிலித் தீவில் 1891-ல் பிறந்தவர். அப்போது வயது முப்பது.

நல்ல நேரம் என்றால் அப்படியொரு நேரம்! 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. நயாகரா ஆற்றின் இந்தக் கரையில் தாகம். அந்தக் கரையில் கனடா, சரக்கு. நடுவில் மகடீனோ. அப்புறம் கேட்பானேன்?

மதுவிலக்கு போனதும் சூதாட்டம், கந்துவட்டி. ஊருக்குக் காட்ட, சவ அடக்கம் செய்து கொடுக்கும் கடை ஒன்று. 1931-ல் மாஃபியா பெருந்தலைகள் கூடி அமைத்த 'கமிஷன்' என்ற பஞ்சாயத்திலும் ஓர் இடம்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? 1936-ல் அவருக்கு வைத்த குறி தப்பி, பக்கத்து வீட்டில் இருந்த சகோதரி குண்டுவெடிப்பில் செத்துப்போனார். அந்த அம்மா செய்த பாவம், இவருக்கு அக்கம்பக்கத்தில் குடியிருந்தது. 1958-ல் ஜன்னல் வழியாக ஒரு கையெறி குண்டு வந்து விழுந்தது. வெடிக்கவில்லை. மனிதர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவரைச் சாய்த்தது போனஸ்.

1968 கிறிஸ்துமஸ் சமயம். 'கையில் காசில்லை, இந்த வருஷம் போனஸ் கிடையாது' என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். பெரியவர் சொன்னால் சரிதான் என்று நம்பினார்கள். நவம்பர் கடைசியில் எஃப்.பி.ஐ. ரெய்டு. மகன் வீட்டில் மட்டும் சுமார் 4,70,000 டாலர் ரொக்கம்!

பேப்பரில் படித்த ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த வருஷமே குடும்பம் இரண்டாக உடைந்தது. கோர்ட்டில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1974-ல் மாரடைப்பில்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் நாற்பத்தேழு வருஷ மரியாதை ஒரு சூட்கேஸில் போயிற்று.

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

டிகிரி முடித்த கையோடு நான் சேர்ந்தது ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில். கணக்கு எழுதும் வேலை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். "நாமெல்லாம் ஒரே குடும்பம். இந்த வருஷம் வியாபாரம் படுத்துடுச்சு. போனஸ் இல்லை" என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது.

லாபம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். லெட்ஜர் என் கையெழுத்து.

சாயங்காலம் பாக்கிங்கில் இருந்த பெரியவர் என் மேஜைக்கு வந்தார். மகளுக்குத் தலை தீபாவளி. தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, கணக்கு நீங்கதானே எழுதறீங்க? நெசமாவே நஷ்டமா?"

சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப சரி தம்பி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஃபலோ அடியாட்களுக்கு உண்மையைச் சொல்ல ஒரு எஃப்.பி.ஐ. இருந்தது. அந்தப் பெரியவருக்கு நான்தான் இருந்தேன்.