கைத்தலத்தில் ஓர் இருதயம்

வைரவிழா மலருக்கு ஒரு கட்டுரை தருகவென மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழ் கற்பிக்கும் என் நினைவில் எழுந்தது இலக்கணமன்று, ஓர் இருதயம்.

நம் கல்லூரி விஞ்ஞான அறையில் தொங்கிய இருதயப் படத்தைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். அதன் வலப்புறத்தில் 'இடது இதயவறை' என எழுதியிருக்கும். எதிர்முகமாக நிற்பவனது இருதயம் அஃது என்றுணராது, சோதனையில் இடவலம் மாற்றியெழுதிப் புள்ளி இழந்தேன். அவ்விழப்பு சிறிது.

பின்னொரு நாள் எந்தை நெஞ்சுவலியால் வைத்தியசாலையிற் கிடந்தார். "முடியுரு நாடி அடைபட்டுள்ளது" என்றார் வைத்தியர். நாடியென்றால் மணிக்கட்டிற் பார்க்கும் துடிப்பென்றே எண்ணிய யான், விளங்கியவன்போலத் தலையசைத்தேன். ஒன்றும் வினவினேனல்லேன். மூன்றாம் நாள் அவர் மறைந்தார். தமிழாசிரியனாகிய எனக்கே அத்தமிழ் விளங்காத வெட்கம் இன்றும் ஆறவில்லை.

சென்ற தவணையில் எம் பாடசாலை உயிரியல் ஆசிரியர் என்னைத் தம் வகுப்பிற்கு அழைத்தார். மேசைமீது குறியொன்று அச்சிட்ட தாள் கிடந்தது. கைத்தொலைபேசியை அதன்மேற் பிடித்தவுடன், திரையில் அத்தாளின்மீது ஓர் இருதயம் துடித்து நின்றது! இதனை மிகைமெய்ம்மை என்பர். கருவியின் கமரா குறியை அறிந்து, நாம் நிற்கும் திசையையும் தூரத்தையும் கணித்து, அதற்கேற்ப உருவைக் கணந்தோறும் வரைகின்றது. ஆதலின் மேசையைச் சுற்றி நடந்தால் இருதயத்தின் பின்புறமும் தோன்றும். பின்னே சென்றேன், இடப்புறம் இடப்புறமாகவே இருந்தது.

தொகுதிப் பெருநாடியின் அடியிலிருந்து இரு நாடிகள் கிளைத்து, இருதயத்தை முடிபோலச் சூழ்ந்து, அதன் தசைக்கே குருதி ஊட்டின. "சேர், இதற்கு ஏன் முடியுரு நாடியென்று பெயர்?" என்றாள் ஒரு மாணவி. "முடி என்பது அரசர் சூடுவது, பிள்ளை" என்றேன். அதற்குமேற் குரல் எழவில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீன், 'அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயுற்றார்க்கும் அவர் சுற்றத்தார்க்கும் விளங்கும் மொழியில் மருத்துவம் அமைதல் வேண்டுமென்பதன் அருமையை அன்று உணர்ந்தேன்.

ஒளியுருவிற்கு எடையில்லை, தொட்டால் வெப்பமுமில்லை. எனினும், அது காட்டும் உருவோடு சொல்லின் பொருளையும் சேர்த்துச் சொல்வது ஆசிரியர் கடன். இப்போது தவணைக்கொருமுறை அவ்வகுப்பிற்குச் சென்று கலைச்சொற்களை விளக்குகின்றேன். அப்பிள்ளைகளுள் எவரும் ஒருநாள் வைத்தியர்முன் என்போல வெறுமனே தலையசைத்து நிற்றல் ஆகாது.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!