முதலில் செவி, பிறகு கை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலக் காலையில், பாலராமபுரத்தைத் தாண்டிய சிறிது நேரத்துக்கெல்லாம், அதுவரை நுனிக்காலுக்கு இணங்கி நின்ற என் பழைய பெட்ரோல் கார், பிரேக் மிதி கல்லாய் இறுகிப்போக, உடலின் பாரம் முழுவதையும் காலில் இறக்கினாலொழிய நிற்க மறுத்தது. வழியிலிருந்த ஒரு பட்டறையில், பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்த மாத்திரத்தில், பூஸ்டரையே மாற்றிவிட வேண்டும் என்றார்கள். அந்தத் தீர்ப்புக்கு மனம் ஒப்பாமல், ஊர்ந்து ஊர்ந்து, கரமனையையும் கிள்ளிப்பாலத்தையும் கடந்து கிழக்கேகோட்டைக்கு வந்து சேர்ந்தேன்.

ஒருபுறம் பத்மநாப சுவாமி கோயிலின் கோபுரமும், மறுபுறம் பழவங்காடிப் பிள்ளையார் சன்னிதியில் ஓயாமல் தேங்காய் சிதறும் ஓசையும், அப்பால் ஆ. மாதவனின் கதைகள் வழியாகத் தமிழர் அறிந்த சாலைக் கடைத்தெருவுமாக விளங்கும் அவ்விடத்திலிருந்து அட்டக்குளங்கரைப் பக்கம் திரும்பும் ஒரு சந்தில், நான்கு வண்டிகளுக்கு மேல் கொள்ளாத ஒரு பட்டறை இருக்கிறது. அதை நடத்துபவர் இளமையிலேயே கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். வேலை பழகும் பையன்கள் அவரை 'ஆசான்' என்றே அழைக்கிறார்கள். களரிக்கும் வர்ம வைத்தியத்துக்கும் உரிய அச்சொல் ஸ்பானர் பிடித்த கைக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

"எதையும் கழட்டப்படாது சார். மொதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்கணும்" என்றார் அவர்.

பிரேக் மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே அமர்ந்திருக்கும் அகன்ற தகரச் சம்புடமே பூஸ்டர். அதன் உட்புறத்தை ஒரு ரப்பர் திரை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. என்ஜின் தன் சுவாசத்துக்காகக் காற்றை இழுக்கும்போது, ஒரு குழாயின் வழியாக இவ்விரு அறைகளின் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. நாம் மிதித்தவுடன் பின்னறைக்குள் மட்டும் வெளிக்காற்று புகுந்து திரையை முன்னே தள்ளுகிறது. திரையின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்று கொண்டால் அதன் பரப்பு 300 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம் அழுத்தும் வாயுமண்டலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலும், சுமார் 200 கிலோ பாரம் நம் காலுக்குத் துணையாக வந்து நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்து ஓட்டோ ஃபான் கெரிக்கே, காற்று நீக்கிய இரண்டு அரைக்கோளங்களைக் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியாதபடி செய்து காட்டினாரே, அந்தச் சக்திதான் இது.

ஆசான் கிரமமாகப் பரீட்சையைத் தொடங்கினார். என்ஜினை நிறுத்தி, மிதி கெட்டிப்படும்வரை ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமலே என்ஜினை ஓடவிட்டார். துணை வருமானால் மிதி தானாகச் சற்றுத் தாழ வேண்டும், அது அசையவில்லை. அடுத்து, ஓடும் என்ஜினின் ஐட்லிங் தடுமாறுவதைக் கவனித்து, மிதித்தும் விட்டும் பார்த்தார். திரை கிழிந்திருந்தால் மிதிக்கும்போது அந்தத் தடுமாற்றம் மாற வேண்டும், மாறவில்லை. பிறகு பூஸ்டரிலிருந்து குழாயைக் கழற்றி, அதன் வாயில் கட்டைவிரலை வைத்தார். உறிஞ்சல் மிகவும் பலவீனமாக இருந்தது. ஆகவே குற்றம் பூஸ்டரில் அன்று, அதற்கு வரும் வழியில் என்பது நிச்சயமாயிற்று.

குழாயை மறுபடி பொருத்திவிட்டு, ஒரு சாண் ரப்பர்க் குழலின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை அங்குலம் அங்குலமாக அதன்மேல் நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார், நிமிர்ந்தார். கண்டதை எங்களிடம் சொல்லாமல், பக்கத்தில் நின்ற சிறுவனிடம் குழலை நீட்டி, "மக்களே, நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

தெருவில் பஸ்களின் ஹாரன் முழங்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்ட அந்தப் பிள்ளை, கடைசியில் வளைவின் அடிப்புறத்தைத் தொட்டு, "ஆசானே, இங்க சீறுது" என்றான். ஆசான் அவ்விடத்தை இரு விரலால் அமுக்கிப் பிடித்த அதே கணத்தில் என்ஜினின் தடுமாற்றம் அடங்கிற்று. உஷ்ணத்தால் விறைத்த ரப்பரில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு வெடிப்பு!

புதுக் குழாய் வாங்கப் போன பையன் முதலில் கொண்டுவந்தது சாதாரண பெட்ரோல் ஹோஸ். உறிஞ்சலில் அது உட்புறம் ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கித் திருப்பி அனுப்பினார். அந்த இடைவேளையில், பூஸ்டருக்குச் செல்லும் வழியிலுள்ள ஒருவழி வால்வின் ஒருபுறம் ஊதினால் காற்று செல்வதையும் மறுபுறம் ஊதினால் தடைபடுவதையும் சோதித்தார். தகுந்த குழாயைப் பொருத்திச் சற்று ஓடவிட்டு, என்ஜினை நிறுத்திச் சில நிமிஷம் கழித்து மிதித்தபோது, முதல் மிதி ஆழ இறங்கி, அடுத்தவை படிப்படியாக உயர்ந்தன. வெற்றிடம் எங்கும் கசியவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

"எறக்கத்துல எண்ணெயை மிச்சம் பிடிக்கணும்னு இஞ்சினை நிறுத்திராதீங்க சார். ரெண்டு மூணு மிதிக்குத்தான் வேக்கம் மிஞ்சும்" என்று எச்சரித்தார்.

ஒரு முழக் குழாயின் விலையும் ஒரு மணி நேரக் கூலியுமே அவர் பெற்றுக்கொண்டது. காணாமல் கழற்றும் கை எவ்வளவு விரைவானாலும் வித்தையாகாது என்றும், நல்ல பாகத்தைக் குற்றவாளியாக்காத நிதானமே இத்தொழிலின் தர்மம் என்றும் எனக்குப் பட்டது. புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். வேறொரு வண்டியின்மேல் அந்தச் சிறுவன் குழலைக் காதில் வைத்துக் குனிந்திருந்தான். அவனுடைய ஸ்பானர் இன்னும் தரையிலேயே கிடந்தது.