ஏழை வீட்டுத் தொலைபேசி

வணிகரின் போட்டி சில வேளைகளில் ஏழைக்கு மானியமாகிவிடுகின்றது. அமெரிக்காவில் 'லைஃப்லைன்' என்னும் திட்டம் 1985 முதல் நடந்து வருகின்றது. வறிய குடும்பத்தின் தொலைபேசி, இணையச் செலவுக்கெனப் பொதுவாக மாதம் 9.25 டொலர் வரை, அக்குடும்பம் தெரிவுசெய்யும் நிறுவனத்துக்கு வழங்கப்படுகின்றது. அந்த வாடிக்கையாளரைப் பெற நிறுவனங்கள் முந்துகின்றன.

எங்கள் ஒட்டுசுட்டானில் அத்தகைய மானியத்தை நான் கண்டதில்லை. போட்டியை மட்டும் கண்டேன். போர் ஓய்ந்த 2009 இல் இலங்கையில் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. அவை போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்தமையால், 2010 இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே ஆகக்குறைந்த கட்டணத்தை விதிக்க வேண்டியதாயிற்று. மீளக்குடியேறி, தகரக் கொட்டிலில் வாழ்ந்த தாய்மாருக்கும் தூரத்துப் பிள்ளையின் குரல் எட்டிற்று.

பின்னர் 2018 இல் எடிசலாட் ஹட்சுடனும், 2024 இல் எயார்டெல் டயலொக்குடனும் இணைந்தன. ஐந்து மூன்றாயின. இணைவால் நன்மையும் உண்டு: கோபுரங்கள் ஒன்றுசேர்ந்தால் காட்டோரக் கிராமத்துக்கும் 'சிக்னல்' கிடைக்கலாம்.

ஆயினும், 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பே கைத்தொலைபேசிக்குள் புகுந்ததை நாம் மறக்கலாகாது. என் அயலில் கூலிவேலை செய்யும் பெண்ணொருத்தி இரண்டு சிம் வைத்திருக்கிறாள். எதில் 'டேட்டா' மலிவோ, அதற்கே அன்றைய 'றீலோட்'. அவளுடைய பேரம் பேசும் வலிமை அவ்வளவுதான். மூன்று நிறுவனங்கள் இரண்டாகி, இரண்டு ஒன்றானால் அதுவும் போய்விடும். ஊரில் ஒரே கடை இருந்தால் விலை என்னவாகும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர்.